வரி நோட்டும் தை மாதமும்

வேலூர் மாவட்டத்தில் பாலாற்றுக்கு வடக்கே, காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் சாலையை ஒட்டிய எங்கள் பக்கத்துக் கிராமங்களில், மார்கழி பாதியைத் தாண்டியதும் சிவப்பு அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு ஒன்று வீடு வீடாகப் போகத் தொடங்கும். அதை வரி நோட்டு என்போம். நாட்டாண்மை வகையில் ஒருவர், பஜனைக் கோயில் தருமகர்த்தா வகையில் ஒருவர், எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் என மூவராக வந்து திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, ஊர் விவகாரம் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் நோட்டைப் பிரிப்பார்கள். பொங்கல், மாட்டுப் பொங்கல், மாடு விடும் விழா, காணும் பொங்கல் விளையாட்டுகள் எனத் தையின் முதல் வாரத்தில் நடக்கும் அத்தனைக்கும் அடியில் இருப்பது இந்த நோட்டுதான். விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் கரும்பையும் கோலத்தையும் எழுதுகிறார்கள். நான் நோட்டைப் பற்றி எழுத விரும்புகிறேன், ஏனென்றால் ஊர் என்பது யார் யார் என்று அதில்தான் எழுதியிருக்கிறது.

வரி என்பது தலைக்கட்டு வரி. மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தாலும் உலை தனித்தனியாக வைத்தால் இரண்டு தலைக்கட்டு. மணமாகாத இளைஞனுக்கு வரி கிடையாது. ஆனால் விழாவில் அதிகம் வேலை செய்பவன் அவன்தான். கணவரை இழந்த பெண்கள் தனியாக நடத்தும் குடும்பத்துக்குச் சில ஊர்களில் பாதி வரி, சில ஊர்களில் வரியே இல்லை. கேட்பதற்கு இது சலுகை போலத்தான் இருக்கும். எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு பெரியம்மா இருக்கிறார். சில வருடங்களுக்கு முன்பு வரி வாங்க வந்தவர்கள் அவர் வீட்டைத் தாண்டிப் போனபோது வாசலில் இறங்கி நின்று, "ஏம்பா, எம் பேர ஏன் எழுதல? நானும் இந்த ஊர்லதான குடி இருக்கேன்?" என்று கேட்டார். "உங்களுக்கு எதுக்கு பெரிம்மா கஷ்டம்" என்று நோட்டு வைத்திருந்தவர் சொன்னதற்கு, "கஷ்டம்னு நான் சொன்னனா? எழுது" என்றார். எழுதினார்கள். அந்த வருடக் கணக்குக் கூட்டத்தில் மைக் செட்டுக்கு இவ்வளவு வாடகையா என்று முதல் கேள்வி கேட்டவரும் அவர்தான். வரி கட்டியவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்பது எங்கள் பக்கத்தில் எழுதப்படாத சட்டம். வரியிலிருந்து விலக்கு என்றால் அந்த உரிமையிலிருந்தும் விலக்குதான் என்பதை அவர் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்.

வரி நோட்டு சுற்றிக்கொண்டிருக்கும் அதே நாட்களில் விடியற்காலையில் பஜனை நடந்துகொண்டிருக்கும். வட ஆற்காட்டுக் கிராமங்களில் மாரியம்மன் கோயில் இருப்பது போலவே பஜனைக் கோயில் என்று ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். கோபுரம் இருக்காது; ஓடு வேய்ந்த அல்லது தளம் போட்ட ஒரு கூடம், உள்ளே ராமர் பட்டாபிஷேகப் படம், ஓர் ஆர்மோனியம், மூலையில் மிருதங்கம், ஆணியில் தொங்கும் ஜால்ரா. மார்கழி முப்பது நாளும் ஐந்து மணிக்கு முன்பே ஒரு கூட்டம் குளித்துவிட்டு விளக்கோடு தெருத் தெருவாகப் பாடிக்கொண்டு வரும். திருப்பாவையும் தெலுங்குக் கீர்த்தனையும் அடுத்தடுத்து வரும். தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைந்த பகுதி என்பதால் இரண்டும் யாருக்கும் அந்நியமில்லை. பாதிப் பிள்ளைகள் கடைசியில் கிடைக்கும் வெண்பொங்கலுக்காக வருகிறவர்கள்தான், அதில் தவறொன்றும் இல்லை. முப்பது நாள் பொங்கலுக்கும் முப்பது குடும்பங்கள் உபயம் எழுதிக்கொள்ளும். அந்தப் பட்டியல் கோயில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். வைகுண்ட ஏகாதசி அன்றைய உபயத்துக்கு மட்டும் போட்டி இருக்கும். ஏகாதசி அன்று விடிவதற்குள் பள்ளிகொண்டா உத்தர ரங்கநாதர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு.

இதற்கு நடுவில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. 1853-இல் ஆற்காடு மிஷன் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மாவட்டக் கிராமங்களில், குறிப்பாகத் தலித் மக்கள் வாழும் காலனிப் பகுதிகளில், சிறு சிறு தேவாலயங்கள் எழுந்தன. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சபைப் பிள்ளைகள் இரவில் வீடு வீடாகக் கீதம் பாடிக்கொண்டு போவார்கள். முகமூடி மாட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா முன்னே ஆடிக்கொண்டு போக, கிடாரும் டோலக்கும் பின்னே வரும். அவர்கள் கையிலும் ஒரு நோட்டு இருக்கும்; காணிக்கை கொடுத்தவர் பெயர் அதில் ஏறும். நடு இரவு வரை ஒரு கூட்டம் பாடி முடிக்க, விடியுமுன் இன்னொரு கூட்டம் பாடத் தொடங்கும். தெருநாய்களுக்குத்தான் அந்த வாரத்தில் தூக்கம் இல்லை. ஆனால் இரண்டு நோட்டுகளும் இரண்டு வெவ்வேறு நோட்டுகள். ஊர் நோட்டு காலனிக்குள் போவதில்லை. காலனி நோட்டு ஊருக்குள் ஓரிரு தெருக்களுக்கு மட்டும் வரும். இதைப் பின்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

போகிக்கு முந்தைய இரண்டு நாட்களில்தான் ஊர் நிறையும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல், காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் தினமும் போய் வருகிறவர்கள். அவர்களுக்கு விடுமுறை என்பது பேருந்துக்கு ஓடாத காலை. சென்னையிலும் பெங்களூருவிலும் இருப்பவர்கள் ரயிலில் வந்து காட்பாடியிலோ லத்தேரியிலோ குடியாத்தத்திலோ இறங்குவார்கள். இவர்களைத் தவிர, வேலூர் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு கூட்டம் உண்டு: பட்டாளத்துக்காரர்கள். கணியம்பாடிக்கு அருகில் கம்மவான்பேட்டை என்ற கிராமத்தை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள், வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பதால். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் எங்கள் பக்கத்தில் தெருவுக்குச் சிலர் உண்டு. தீபாவளிக்கு வராதவர்கள்கூட விடுப்பைச் சேர்த்துவைத்துப் பொங்கலுக்கு வருவார்கள். வரி நோட்டில் இவர்கள் பெயருக்கு நேரே தலைக்கட்டு வரிக்கு மேல் ஒரு தொகை "அன்பளிப்பு" என்று தனியாக ஏறும். அந்த அன்பளிப்புப் பத்தி வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போகிறது, வரிப் பத்தி அப்படியே நிற்கிறது. ஊர் மாறிவருவதை அந்த இரண்டு பத்திகளும் காட்டுவது போல் வேறெதுவும் காட்டுவதில்லை.

சாமான் வாங்குவதற்கு ஊர் முழுவதும் ஒரே திசையில் போகும். பொங்கலுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தையில் மாடு வாங்குகிறவர்களைவிட மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, சலங்கை, நெற்றிப்பட்டம், கொம்புக்குப் பூசும் வண்ணம் வாங்குகிறவர்கள் அதிகமாகத் தெரிவார்கள். பொங்கல் அன்று வைக்கும் கூட்டுக் குழம்புக்கு மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் எங்கும் கிடைக்கும். கத்தரிக்காய் மட்டும் முள் கத்தரியாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு பிடிவாதம். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இதைத்தானே நாங்கள் இவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றார் என் அம்மா.

போகியும் பொங்கலும் வீட்டு விழாக்கள்; வாசலோடு முடிந்துவிடும். பழைய பாய் எரிப்பதும், பிள்ளைகள் சிறிய மேளம் தட்டுவதும், புதுப் பானையில் பால் பொங்குவதும் எல்லா ஊரிலும் உள்ளவைதான். ஊர் விழா தொடங்குவது மாட்டுப் பொங்கல் பிற்பகலில்.

மாடு விடும் விழா என்றால் மதுரைப் பக்கத்து வாசகர்கள் ஏறு தழுவுதலை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வட மாவட்டங்களில் நடப்பது வேறு. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்களில் எருது விடும் விழா, காளை விடும் விழா என்று அழைக்கப்படும் இதில் யாரும் மாட்டின் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை, பிடிக்கவும் கூடாது. தெருவின் இரு பக்கமும் தடுப்புக் கட்டி, ஒரு முனையில் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். மறு முனையில் இருக்கும் எல்லைக் கோட்டை எந்த மாடு குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. மாடு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். அதனால் போட்டி மாட்டுக்கும் மாட்டுக்கும் நேரடியாக அல்ல, மாட்டுக்கும் கடிகாரத்துக்கும் இடையில். முன்பு வாட்சைப் பார்த்து வாய்விட்டு எண்ணிய காலத்தில் எழுந்த சண்டைகளை நினைத்தால், இப்போது நொடியின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் மின்னணுக் கருவி வந்தது நல்லதென்றே தோன்றுகிறது.

என் தாத்தா காலத்தில் ஓடியவை உழவு மாடுகள். காலையில் ஏரியில் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் வடை மாலையும் கரும்புத் துண்டும் கட்டி, கோயிலைச் சுற்றி வந்தபின் தெருவில் அவிழ்த்துவிடுவார்கள். கொம்பில் கட்டிய துண்டை எவன் அவிழ்க்கிறானோ அவனுக்கு அந்தத் துண்டு, அவ்வளவுதான் பரிசு. டிராக்டர் வந்தபின் ஏர் மாடு போனது. இப்போது வீடுகளில் கட்டியிருப்பவை பால் சொசைட்டிக்கு ஊற்றுவதற்கான கலப்பினப் பசுக்கள். அவற்றைத் தெருவில் விட்டால் நின்று வாசல் கோலத்தைத்தான் மோந்து பார்க்கும். ஆகவே இன்று ஓடுகிற காளைகள் ஓடுவதற்கென்றே வளர்க்கப்படுபவை. அவற்றுக்குப் பெயர் உண்டு, ரசிகர் உண்டு, படம் போட்ட பிளக்ஸ் உண்டு. பருத்திக்கொட்டை, பேரீச்சை, முட்டை என்று தீனி, ஏரியில் நீச்சல், மணலில் நடை என்று பயிற்சி. கிருஷ்ணகிரி, திருப்பத்தூரிலிருந்தும் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் சிறிய லாரிகளில் வந்து இறங்குகின்றன. ஊர் மாடு ஓடிய விழா, மாடு ஓடும் ஊராக மாறிவிட்டது.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது எங்கள் பக்கத்து விழாவும் அதில் நின்றது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்தைப் பற்றி நாடே பேசியது. வேலூரிலும் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்துக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கை செய்யும் ஊர்களில், அறிவிக்கும் நாட்களில் நடத்தலாம் என்பது சட்டம். 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றது. எங்களுக்கு இதில் நடைமுறையாக மாறியது என்னவென்றால், தேதி. மாட்டுப் பொங்கல் அன்று எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் நடந்தது போய், இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர் என்று வரிசையாகத் தை, மாசி, பங்குனி வரை நீள்கிறது. ஒரே காளை ஒரு பருவத்தில் பல ஊர்களில் ஓட முடிகிறது. பரிசுத் தொகை ஏறியதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பம், வருவாய்த் துறையும் காவல் துறையும் வந்து இடத்தைப் பார்ப்பது, இருபுறத் தடுப்பு, கால்நடை மருத்துவர் சோதித்துத் தகுதி கொடுத்த மாடு மட்டுமே ஓடுவது, ஆம்புலன்ஸ், தொடக்கத்தில் உறுதிமொழி என்று விதிகள் பல. இவற்றைத் தொந்தரவு என்று திட்டுகிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. தடுப்பு இல்லாத காலத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குத்துப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். இப்போதும் ஆபத்து தெருவுக்குள் இருப்பதைவிட, கோட்டைத் தாண்டிய பிறகுதான் அதிகம். ஓடிய வேகத்தில் மாடு நிற்காது, பிடிக்கக் காத்திருப்பவர்கள் தவறவிட்டால் கரும்புக் கொல்லைக்குள்ளோ ரயில் பாதைப் பக்கமோ போய்விடும். தரைமட்டக் கிணறுகள் நிறைந்த மண் இது. விழாக் குழு பரிசுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கையாவது கோட்டுக்கு அப்பால் இருக்கும் நிலத்தில் செலவழிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து.

ஆனால் விதிகளுக்கு ஆகும் செலவு உண்மை. தடுப்புக் கட்டை, மேடை, மண் கொட்டுவது, பந்தல், சாப்பாடு, பரிசு என்று சேர்த்தால் தலைக்கட்டு வரி அதில் ஒரு மூலைக்குக் காணாது. எனவே நுழைவுக் கட்டணம் வந்தது, பரிசுக்கு உபயதாரர் வந்தார், உபயதாரருக்குப் பிளக்ஸ் வந்தது, பிளக்ஸில் யார் படம் மேலே என்ற தகராறு வந்தது. சிறிய ஊர்கள் சில விழாவையே விட்டுவிட்டன. நடத்துகிற ஊர்களில், விழாக் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதன் வரவு செலவு ஊர் நோட்டுக்குள் வருவதில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "இது ஊர்ப் பணம் இல்லயே மாமா, நாங்க திரட்டின பணம்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓடுவது ஊர்த் தெருவில்தானே என்றால் அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

காணும் பொங்கல் அன்று பாதி ஊர் வெளியே போய்விடும். வேலூர்க் கோட்டை, அமிர்தி, மோர்தானா அணை என்று கட்டுச்சோற்றோடு கிளம்புவார்கள். மீதிப் பாதிக்கு இளைஞர் மன்றம் விளையாட்டு நடத்தும். கயிறு இழுத்தல், உறியடி, மெதுவாகச் சைக்கிள் ஓட்டுதல், பெண்களுக்கு இசை நாற்காலி, கோலப் போட்டி. மாடு விடுவதற்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் எனக்குப் பிடித்த நாள் இதுதான். எல்லாப் பரிசும் எவர்சில்வர் குடம், பிளாஸ்டிக் பக்கெட், டிபன் பாக்ஸ். யாருடைய படமும் எங்கும் இருக்காது. கோலப் போட்டியின் முடிவை ஒப்புக்கொள்ளாமல் பேசுவது அடுத்த பொங்கல் வரை நீடிக்கும். நடுவர்களாக எப்போதும் ஆண்களையே உட்கார வைப்பதுதான் அதற்குக் காரணம் என்று என் அக்கா சொல்கிறார். புள்ளி வைத்து ஒரு கோலம் போடத் தெரியாதவர்கள் மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுபது வாசலுக்கு மதிப்பெண் போட்டால் என்ன முடிவு வரும்?

விளையாட்டு முடிந்த சில நாட்களில், பட்டாளத்துக்காரர்கள் ரயில் ஏறுமுன், பஜனைக் கோயில் முன்னால் கணக்குக் கூட்டம். முன்பெல்லாம் தண்டோரா போட்டு ஊரைக் கூட்டினார்கள். 2022-இல் அந்த முறையை அரசு கைவிடச் சொன்ன பிறகு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் வருகிறது. தண்டோரா போட்டவர் காலனியிலிருந்து வந்தவர். ஊரைக் கூட்டியவருக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை என்ற நிலை அந்த வகையில் ஒழிந்தது. இடம் கிடைத்ததா என்றால் இன்னும் இல்லை. விழாவுக்குப் பறையடிப்பவர்களுக்கான கூலி, செலவுப் பக்கத்தில் வருடம் தவறாமல் வாசிக்கப்படுகிறது. அவர்கள் தெருவின் பெயர் வரவுப் பக்கத்தில் இல்லை. வாங்கினால் கேட்பார்கள் என்பதால்தான் வாங்குவதில்லை என்று, மைக்கை அணைத்த பிறகு, பெரியவர் ஒருவரே என்னிடம் சொன்னார்.

இந்தத் தையில் நடந்த கணக்குக் கூட்டத்தில் பெரியம்மா மறுபடியும் எழுந்து, விழாக் குழுவின் கணக்கையும் இதே இடத்தில் வாசிக்க வேண்டும் என்றார். கொஞ்சம் சலசலப்புக்குப் பிறகு அடுத்த வருடத்திலிருந்து வாசிப்பதாக இளைஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆம்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒரு பையன், காலனியிலும் வரி வாங்கி ஒரே நோட்டில் எழுதலாமே என்று கேட்டான். தொழிற்சாலையில் அவன் பக்கத்து இயந்திரத்தில் உட்காருகிறவர் காலனிக்காரர். உடனே யாரும் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. சித்திரையில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைக்கும் எண்ணம் இருக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம், தீமிதி என்று அதற்கு ஆகும் செலவு ஊர் மட்டும் தாங்கக்கூடியது அல்ல; அப்போது பேசிக்கொள்ளலாம் என்று நாட்டாண்மை முடித்துவைத்தார். அதற்கான கூட்டம் மாசி பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பையனும் நானும் போவதாக இருக்கிறோம், பெரியம்மாவிடமும் சொல்லியாயிற்று.